ஷா முதல் செக் வரை

"ஆயில் செக் பண்ணியா?" என்று மெக்கானிக் கேட்கிறார். "செக் பாஸ் ஆயிடுச்சா?" என்று கடைக்காரர் வங்கிக்குப் போன் போடுகிறார். பேருந்தில் நடத்துநர், "செக்கர் ஏறிட்டாரு, டிக்கெட்டைக் கையில வெச்சுக்குங்க" என்கிறார். ஓசூரில் ஆட்டோ பிடிக்க "ஜூஜூவாடி செக்போஸ்ட்" என்றால் போதும். நாற்பது வயது தாண்டினால் வீட்டில் "ஒரு தடவை ஃபுல் செக்கப் பண்ணிடுங்க" என்று நச்சரிக்கிறார்கள். அரசியல் வார இதழ்களில் யாராவது யாருக்காவது 'செக் வைக்காத' இதழ் அபூர்வம். துணிக்கடையில் "ப்ளெயினா, செக்டா?" என்கிறார்கள்.

இத்தனை பேரும் அறியாமல் உச்சரிப்பது பாரசீக அரசரின் பட்டத்தைத்தான். 'ஷா' என்ற அந்தப் பட்டம் பாக்தாத், ஸ்பெயின், பிரான்ஸ் வழியாக லண்டன் போய், அங்கே கணக்கு மேசையாகவும் பணத்தாளாகவும் துணிக் கட்டமாகவும் உருமாறி, கப்பலேறி நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். எண்ணெய் ஆட்டும் செக்கு வேறு சொல். செக் குடியரசின் பெயர் அங்குள்ள ஸ்லாவிய மக்களின் பெயர். இரண்டுக்கும் இந்தக் கதையில் பங்கில்லை.

கதை தொடங்குவது இந்தியாவில். யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையை வைத்து ஆடிய சதுரங்கம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் பாரசீகத்துக்குப் போனது. அந்த வருகையைப் பற்றி நடுக்காலப் பாரசீக மொழியில் ஒரு சிறிய நூலே இருக்கிறது. மரகதத்தில் 16, மாணிக்கத்தில் 16 எனக் காய்கள் செய்து, "இதன் சூட்சுமத்தை உங்கள் அறிஞர்கள் கண்டுபிடிக்கட்டும், முடியாவிட்டால் கப்பம் கட்டுங்கள்" என்று இந்திய அரசன் ஒருவன் பாரசீக அரசர் குஸ்ருவின் அரசவைக்கு அனுப்பினானாம். பொசோர்க்மெஹர் என்ற அமைச்சர் விடுவித்தாராம். இது நடந்ததா, புனைந்ததா என்பது வேறு. விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதில் பாரசீகர்களுக்கே ஐயம் இருந்ததில்லை என்பதை அந்த நூல் காட்டுகிறது.

சதுரங்கம் அங்கே 'சத்ரங்' ஆனது. அரபு நாவில் 'ஷத்ரஞ்' ஆனது. நடுவில் நிற்கும் ராஜா 'ஷா' ஆனார். அவரைத் தாக்கும்படி ஒரு காயை நகர்த்தினால் வாய்விட்டு 'ஷா' என்று சொல்வது ஆட்ட மரபு. மற்றக் காய்களை எச்சரிக்காமல் வெட்டலாம். ராஜாவை மட்டும் அப்படி வீழ்த்த முடியாது. "அரசே, ஆபத்து" என்று சொல்லி, தப்பிக்க ஒரு நகர்த்தல் கொடுத்தாக வேண்டும். தப்ப வழியே இல்லையென்றால் 'ஷா மாத்'. அரபியில் 'மாத' என்றால் இறந்தான், அதனால் 'அரசன் இறந்தான்' என்று பலர் பொருள் சொல்வார்கள். பாரசீகத்தில் 'மாத்' என்பது கதியற்றுத் திகைத்து நிற்கும் நிலை. எனக்குப் பாரசீகப் பொருளே சரியாகப் படுகிறது, ஏனென்றால் பலகையில் அரசனை யாரும் கொல்வதில்லை. நாலாபுறமும் அடைபட்டு அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது.

எச்சரிக்கையைக் குரல் கொடுத்துச் சொல்லும் அந்த மரபு போட்டி ஆட்டத்தில் இன்று இல்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் 'செக்' என்று சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை, பெரிய ஆட்டக்காரர்கள் சொல்வதுமில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்த அரங்குகளில் யாரும் 'செக்' என்று கூவியிருக்க மாட்டார்கள். நம்மூர்ப் பள்ளிகளின் செஸ் வகுப்பிலும் வீட்டுத் திண்ணையிலும்தான் அது இன்னும் உரக்கக் கேட்கிறது. பலகையில் குரல் தணிந்தாலும் சொல் அதற்கு வெகு காலம் முன்பே பலகையைத் தாண்டி வெளியே போய்விட்டது.

அரபியர் ஆண்ட ஸ்பெயினும் சிசிலியும் இந்த ஆட்டத்தை ஐரோப்பாவுக்குக் கொடுத்தன. ஸ்பானியர் ஆட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லும் 'அஹெத்ரேத்' நம் சதுரங்கம்தான், அரபு உடுப்புப் போட்டிருக்கிறது. மற்றவர்கள் பிடித்துக்கொண்டது ராஜாவின் பட்டத்தை. லத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்று எழுதினார்கள். இத்தாலியில் 'ஸ்காக்கி', ஜெர்மனியில் 'ஷாக்', ரஷ்யாவில் 'ஷாக்மதி' என்று வழங்குகிறது. பழைய பிரெஞ்சில் ஒருமை 'எஷெக்', பன்மை 'எஷெக்ஸ்'. ஆங்கிலேயர் இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டார்கள். ஒருமை 'செக்' ஆனது, பன்மை தேய்ந்து 'செஸ்' ஆனது. அதாவது 'செஸ்' என்றால் 'அரசர்கள்', 'செக்' என்றால் 'அரசன்'. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் தோல்வியை 'எஷெக்' என்கிறார்கள்.

சொல் ஒரு பெரிய திருப்பம் கண்டது இங்கிலாந்தின் கணக்கறையில். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

இரண்டாம் ஹென்றி ஆண்ட 23ஆம் ஆண்டு, அதாவது 1176-77. தேம்ஸ் நதியை ஒட்டிய கோபுரத்தின் ஜன்னலோரம் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் உட்கார்ந்திருக்கிறார். அவர் அரசரின் பொருளாளர். அப்போது ஒருவர் வந்து, இந்தக் கணக்கறையின் வேலையை நீங்கள் ஏன் எழுதி வைக்கக் கூடாது என்று கேட்கிறார். அப்படித்தான் தன் நூலைத் தொடங்குகிறார் ஃபிட்ஸ்நீல். ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வதாக எழுதிய அந்த நூலின் பெயரில் 'ஸ்காக்காரியம்' என்ற சொல் வருகிறது. சதுரங்கப் பலகை என்று பொருள். பிரெஞ்சில் அதுவே 'எஷெக்கியே', ஆங்கிலத்தில் 'எக்ஸ்செக்கர்'.

அவர் வர்ணிக்கும் மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தவை உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. ஆண்டுதோறும் ஈஸ்டர் காலத்தில் புதிதாக வாங்குவார்கள். துணியில் ஓரடியோ விரித்த கை அகலமோ இடைவெளி விட்டுக் கோடுகள். ஒரு பக்கம் பொருளாளரும் அதிகாரிகளும் உட்காருவார்கள். எதிரே ஷெரீஃப். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசருக்காக வரி வசூலித்தவர் அவர். ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் இலையுதிர் காலத்து மைக்கேல்மஸிலும், அவர் அந்த மேசைக்கு எதிரே வந்து கணக்குக் காட்டியாக வேண்டும்.

எண்களை ரோமானிய எழுத்தில் எழுதிய காலம் அது. பூச்சியம் இல்லாததால் தாளில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்ற கணக்கு வேறு. மேசைதான் கணிப்பொறியாக இருந்தது. வலப்பக்கம் பென்ஸ், அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று பத்திகள். ஒரு ஷெரீஃப் 263 பவுண்டு, 7 ஷில்லிங், 4 பென்ஸ் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறின் பத்தியில் 2 வில்லைகள், இருபதில் 3, பவுண்டில் 3, ஷில்லிங்கில் 7, பென்ஸில் 4 என அடுக்குவார்கள். அதற்குக் கீழே அவர் செலுத்தியதை அதேபோல் அடுக்குவார்கள். மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதைக் கழித்தால் பாக்கி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்க்கலாம்.

மேசையில் கட்டங்கள் இருப்பதால் மட்டும் இந்தப் பெயர் வரவில்லை என்கிறார் ஃபிட்ஸ்நீல். பலகையில் இரண்டு படைகள் மோதுவதைப் போல இங்கே பொருளாளரும் ஷெரீஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி அமர்ந்து தீர்ப்பளிக்கிறார்கள் என்கிறார். அரசாங்கக் கணக்கை ஓர் ஆட்டமாகக் கண்ட அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டம் என்பதால் அது விளையாட்டாகிவிடாது. எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் வைப்பதை மற்றவர் பார்த்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் தொகை தொகையாகும்.

பணம் கட்டியதற்கு அத்தாட்சியாக ஹேசல் மரக் குச்சியில் வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்கொரு பாதி. மறுபடி ஒட்டிப் பார்த்தால் மரத்தின் ரேகையும் வெட்டுகளும் பொருந்த வேண்டும். தன் பாதியில் யாராவது கூடுதலாக ஒரு வெட்டுப் போட்டால் மறுபாதி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் குச்சிகள் 19ஆம் நூற்றாண்டுவரை லண்டனில் குவிந்து கிடந்தன. பயன்பாடு நின்றபின் 1834 அக்டோபர் 16 அன்று அவற்றைப் பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைக்கூண்டு தாங்கவில்லை. தீ பரவி, அன்றிரவே பிரிட்டன் நாடாளுமன்றக் கட்டடங்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. இன்று தேம்ஸ் கரையில் நிற்கும் நாடாளுமன்றம் அந்தத் தீக்குப் பிறகு எழுந்தது. அங்கே நிதியமைச்சரின் பதவிப் பெயர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்', அதாவது சதுரங்கப் பலகையின் சான்சலர்.

இதற்கிடையே 'செக்' ஆங்கிலத் தெருவில் தனியாக நடக்கத் தொடங்கியிருந்தது. அரசன் அடைபட்டால் ஆட்டம் நிற்கிறது. ஆகவே திடீரென நிறுத்துவதும் தடுப்பதும் அடக்குவதும் செக். நம் வார இதழ்க்காரர்கள் 'செக் வைத்தார்' என்று எழுதும்போது நடந்ததே அங்கே 14ஆம் நூற்றாண்டில் நடந்தது. குதிரையை இழுத்து நிறுத்தினாலும் செக், கோபத்தை அடக்கினாலும் செக். அரசியல் அறிஞர்கள் இதை எடுத்துக்கொண்டது பின்னால். ஓர் அதிகாரத்தை இன்னோர் அதிகாரம்தான் தடுக்க முடியும் என்று 1748இல் மாண்டெஸ்கியூ என்ற சிந்தனையாளர் பிரெஞ்சில் வாதிட்டார். அந்த வாதத்தை வைத்து அமெரிக்காவில் நாடாளுமன்றம், அதிபர், நீதிமன்றம் மூன்றையும் ஒன்றையொன்று தடுக்கும்படி அமைத்தபோது அந்தத் தடைகளுக்குச் 'செக்' என்றே பெயர் வந்தது. ஆட்டத்தில் 'ஷா' என்று சொல்ல எதிராளியாக இருந்தால் போதும், காலாள் காயை நகர்த்தியும் சொல்லலாம். அரசனைப் பார்த்து "நில்" என்று சொல்லும் அந்த உரிமையை ஒரு தேசம் சட்டத்தில் எழுதி வைத்ததை இந்தச் சொல்லின் வாழ்வில் ஆகப் பெரிய உயர்வாக நான் கருதுகிறேன்.

சரிபார்ப்பது என்ற பொருள் வேறு வழியில் வந்தது. தவறைத் தடுக்க வேண்டுமானால் ஒத்துப்பார்க்க இன்னொரு படி வேண்டும். பிளந்த குச்சியின் மறுபாதியைப் போல, தாளிலும் ஓர் எதிர்ப்படியை வைத்துக்கொண்டார்கள். 'கண்ட்ரோல்' என்ற சொல்லும் இதே கணக்குக் குமாஸ்தாக்களிடம் பிறந்ததுதான். அதன் வேர்ப்பொருள் 'எதிர்ச்சுருள்', அதாவது கணக்குச் சுருளோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் எழுதி வைத்த சுருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணத்தாளின் அடிக்கட்டையைச் 'செக்' என்றார்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் தாளை அடிக்கட்டையோடு பொருத்திப் பார்த்துப் பணம் கொடுப்பார்கள். கொஞ்ச காலத்தில் பெயர் அடிக்கட்டையை விட்டுத் தாளுக்கே தாவிவிட்டது.

தாள் அதற்கும் முன்பே இருந்தது. 1659 பிப்ரவரி 16 தேதியிட்டு, 400 பவுண்டு கொடுக்கச் சொல்லி லண்டனின் மாரிஸ் அண்ட் கிளேட்டன் என்ற வங்கியாளர்களுக்குக் கையால் எழுதிய ஒரு தாள் இன்றும் இருக்கிறது. அப்போது அதைச் செக் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பெயர் வந்து, பிரிட்டிஷ் வங்கிக்காரர்கள் எக்ஸ்செக்கரின் எழுத்துச் சாயலை அதற்குக் கொடுத்தார்கள். அமெரிக்கர்கள் பழைய எளிய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள்.

நம்மிடம் வந்தது பிரிட்டிஷ் செக். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் அதற்கு இங்கே சட்டத் தகுதி கொடுத்தது. அந்தச் சட்டத்தில் 1988இல் சேர்த்த 138ஆம் பிரிவைத் தமிழ்நாட்டில் தெரியாத வியாபாரி இல்லை. கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் அது குற்றம். நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது தொகையைப்போல் இரண்டு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். நியாயமான சட்டம்தான். ஆனால் வட்டிக்குக் கொடுப்பவர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, தொகையைத் தாங்களே நிரப்பி மிரட்டுவதும் இதே சட்டத்தின் நிழலில்தான் நடக்கிறது. பிளந்த குச்சியில் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பாதி இருந்தது. வெற்றுச் செக்கில் முழுக் குச்சியும் ஒருவர் கையில்.

உங்கள் செக் புத்தகத்தில் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் காந்த மையால் அச்சடித்த எண்கள் இருக்கும். முதல் ஆறு இலக்கம் செக்கின் எண். அடுத்த ஒன்பதில் முதல் மூன்று ஊரைக் குறிக்கும், சென்னை என்றால் 600. முன்பெல்லாம் இந்தத் தாள் மூட்டை மூட்டையாகக் கிளியரிங்குக்குப் போகும். இப்போது தாள் போட்ட வங்கியிலேயே தங்கிவிடுகிறது, அதன் படம் மட்டும் பயணம் போகிறது. ஒத்துப்பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. கையெழுத்து, தேதி, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகை என எதிலும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

துணிக்கு வருகிறேன். சதுரங்கப் பலகையைப்போல் கட்டம் போட்ட துணியை ஆங்கிலேயர் 'செக்கர்' என்றும் சுருக்கி 'செக்' என்றும் அழைத்தார்கள். தமிழில் நாம் பலகையில் இருப்பதையும் 'கட்டம்' என்கிறோம், சட்டையில் இருப்பதையும் 'கட்டம்' என்கிறோம். கண் பார்த்த ஒற்றுமை இரு மொழியிலும் ஒன்றே.

தறியில் கட்டம் எப்படி விழுகிறது? பாவில் மட்டும் நிறம் மாற்றினால் வருவது கோடு. ஊடையிலும் அதே அளவுக்கு நிறம் மாற்ற வேண்டும். சிவப்பு நாடா இத்தனை ஓட்டம், பிறகு வெள்ளை இத்தனை ஓட்டம் என்று எண்ணிக்கொண்டே நெசவாளர் நாடாவை மாற்றிக்கொண்டிருப்பார். கவனம் சிதறி நாலு இழை கூடினால் சதுரம் நீண்டுவிடும். அடித்து நெய்யும் வேகம் மாறினாலும் கட்டம் நசுங்கும். கட்டத் துணி நெய்பவர் நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கும் கணக்கர்.

பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியது பெரிதும் இந்தத் துணி வணிகத்துக்காகத்தான். கோரமண்டல் கரையின் துணியைக் கிழக்கே கொண்டுபோய் நறுமணப் பொருள் வாங்கினார்கள். மலேசியாவில் இன்றும் மலாய் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது புலிகாட், அதாவது பழவேற்காடு. கோலாலம்பூர்க் கடையில் அந்தப் பெயரைச் சொல்பவர்களில் எத்தனை பேர் அந்த உப்பேரிக் கரையை அறிவார்கள்?

மேற்கே போனது மதராஸ் கைக்குட்டைத் துணி. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்பு முதல் சாவுவரை அவர்களுடைய சடங்குகளில் அது இருக்கிறது. வாங்கிய துணியை அவர்கள் அப்படியே உடுத்துவதில்லை. பெண்கள் சிறு கத்தியால் கட்டங்களுக்குள் சில நூல்களை மட்டும் துல்லியமாக அறுத்து உருவி, நெய்தவர் நினைத்தே பார்க்காத புதுக் கோலத்தைத் துணியில் கொண்டுவருகிறார்கள். அதற்குப் 'பெலெட்டெ பிட்டெ', அதாவது வெட்டு நூல் துணி என்று பெயர். கரீபியனில் டொமினிகா, செயின்ட் லூசியா, மார்ட்டினிக் தீவுகளின் பெண்கள் விழா நாளில் தலையில் கட்டுவதும் மதராஸ்தான். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்தத் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட்டது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிறகு விற்பவர்கள் "நிச்சயம் சாயம் போகும்" என்பதையே விளம்பரமாக்க, கல்லூரி மாணவர்கள் தேடி வாங்கினார்கள். சாயத்தொட்டியில் கை வெந்தவர்களின் பெயர் எந்த விளம்பரத்திலும் வரவில்லை.

அமெரிக்காவில் சொல் இன்னும் கிளைத்தது. ஓட்டலில் பில் கேட்டால் செக். கோட்டைக் கழற்றிக் கொடுத்து வாங்கும் வில்லை செக், ரயிலில் பெட்டிக்குக் கட்டும் தகடு செக். எல்லாம் பாதி இங்கே, பாதி அங்கே என்ற பழைய குச்சி நியாயம்தான். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வர அனுமதிக்கும் துண்டுச்சீட்டும் அந்தக் குடும்பமே.

சொல்லின் முகம் மாறியது சாலையில். 'ஷா' என்பது அரசனைத் தடுக்கச் சொன்ன சொல். செக்போஸ்ட்டில் அரசாங்கம் அதைச் சாதாரண மனிதனைத் தடுக்கச் சொல்கிறது. 1961இல் பெர்லின் சுவருக்கு நடுவே 'செக்பாயின்ட் சார்லி' நின்றது. அந்த அக்டோபரில் அமெரிக்க, சோவியத் டாங்கிகள் அங்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையில் கிடந்து ஓட்டுநர்கள் சாலையோரம் சமைத்துச் சாப்பிட்ட காலத்தை நாம் அறிவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிக வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. பல ஊர்களில் சாவடி போய்விட்டது, பேருந்து நிறுத்தத்தின் பெயராகச் செக்போஸ்ட் மட்டும் இருக்கிறது.

ஈழத் தமிழர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் வேறு. சென்றி, செக்பொயின்ட், செக்கிங் என்ற மூன்று சொற்களோடு ஒரு தலைமுறை வளர்ந்தது. போர்க்காலத்தில் ஏ-9 சாலையில் ஓமந்தைச் சாவடி வந்தால் பேருந்தைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பைகளைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து மறுபக்கம் ஏற வேண்டியிருந்தது. கிழவி, கைக்குழந்தைக்காரி, பரீட்சைக்குப் போகும் பிள்ளை எல்லோரும். ஃபிட்ஸ்நீலின் மேசையில் இரண்டு பக்கமும் எண்ணினார்கள். இங்கே எண்ணியது ஒரு பக்கம் மட்டும். துப்பாக்கி வைத்திருப்பவனிடம் "உன் அட்டையைக் காட்டு" என்று கேட்க எதிரே நின்றவருக்கு வழியிருக்கவில்லை. தன் பிறப்புக்கு நேர் எதிரான வேலையை அந்தச் சொல் அங்கே செய்தது.

ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அது தன் பழைய வேலைக்கும் திரும்பியது, அதுவும் ஓர் எரிந்த விமானத்திலிருந்து. 1935 அக்டோபர் 30 அன்று ஒஹாயோவின் ரைட் ஃபீல்டில் போயிங் தன் புதிய குண்டுவீச்சு விமானமான மாடல் 299ஐ ராணுவத்துக்குக் காட்டியது. ஓட்டியவர் மேஜர் பிளோயர் ஹில். அங்கே விமானச் சோதனைக்குத் தலைவரே அவர்தான். தரையில் நிற்கும்போது காற்றில் வால் இறக்கைகள் அடிபடாமலிருக்கப் பூட்டு ஒன்று போடுவார்கள். அதை விடுவிக்காமலே விமானம் கிளம்பிவிட்டது. செங்குத்தாக ஏறி, வேகமிழந்து விழுந்து எரிந்தது. ஹில்லும் போயிங்கின் லெஸ் டவரும் அதில் அடைந்த காயங்களால் இறந்தார்கள். ஓட்டுநருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை வேலைகளையும் ஒரு தலையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. விமானிகள் உட்கார்ந்து, கிளம்பும் முன், ஏறும் முன், இறங்கும் முன் செய்ய வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதினார்கள். அதுதான் செக்லிஸ்ட். ஒருவர் வாசிக்க, மற்றவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்த விமானம் பி-17 என்ற பெயரில் 12,000க்கும் மேல் செய்யப்பட்டது.

2008இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் செக்லிஸ்ட்டையே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. 19 கேள்விகள், மூன்று நிறுத்தங்கள்: மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தார்கள். சாவு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கும், சிக்கல்கள் 11லிருந்து 7க்கும் இறங்கின.

அந்த இரண்டாம் நிறுத்தத்தில் அறையிலுள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. சம்பிரதாயம்போலத் தோன்றும். நம் மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு அதன் அவசியம் புரியும். பெரிய டாக்டர் முன் வாய் திறக்கவே தயங்கும் சிஸ்டர், ஒருமுறை தன் பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த வார்த்தையைச் சொல்லத் துணிகிறார். கடைசி நிறுத்தத்தில் கருவிகளையும் மாப்களையும் அவர் உரக்க எண்ணுகிறார். உள்ளே போனது பத்து, வெளியே வந்தது ஒன்பது என்றால் "சார், ஒரு மாப் குறையுது, தைக்காதீங்க" என்று சொல்ல வேண்டியவர் அவர். எந்த ஆபரேஷன் தியேட்டரில் அவர் அதைச் சொல்கிறாரோ, சொன்னதும் டாக்டர் ஊசியை வைத்துவிட்டு மறுபடி தேடுகிறாரோ, அந்தத் தியேட்டரில்தான் என் வீட்டு மனிதர்களைப் படுக்க வைப்பேன்.